கறுப்பு என்றால் தண்ணீர்

மார்ச் 4

வாலுக்கு,

அண்ணி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்றைக்கு உன் பெட்டியைத் திறக்கச் சொன்னது என் வேலை. நாளைக்கே அதே பெட்டியோடு நீ விமான நிலையத்துக்கு வந்தாலும் திறக்கத்தான் சொல்வேன். யாராவது ஈயக் குண்டை உள்ளாடையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்களா? கடல் ஆழம் பார்க்கிற குண்டு, பழைய ஆபீஸில் ஞாபகார்த்தமாகக் கொடுத்தது என்று எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிய பிறகு சொல்கிறாய். சொந்த நாத்தனாரைத் திருடி மாதிரி நிற்க வைத்துவிட்டேன் என்று கத்திவிட்டுப் போனவள், போனில் என் நம்பரையும் தடுத்து வைத்துவிட்டாய். அதனால்தான் உன் துறைமுக ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஒரு வாரம் அது தானாகப் போய்விடும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேமோகிராம் எடுக்கச் சொன்னார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அமுக்குகிறார்கள், உயிர் போகிறது, மூச்சைப் பிடித்துக்கொள் என்கிறார்கள். அது வேறு கொடுமை. ஆனால் படம் திரையில் வந்தது பார், அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பத்தொன்பது வருஷமாக ஊரார் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செருப்பு, டார்ச், பல்செட், பொம்மை எல்லாம் பார்த்தாயிற்று. அவை யாரோ செய்து யாரோ அடுக்கியவை. இது யாரும் அடுக்காதது. மெல்லிய இழைகள் எங்கெங்கிருந்தோ கிளம்பி ஒரே இடத்தை நோக்கி வந்து சேர்கின்றன. இதில் பால் குடித்த உன் மருமகன் இப்போது மீசையோடு ஹாஸ்டலில் இருக்கிறான். இத்தனை நாள் என் சட்டைக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ரிப்போர்ட்டில் அடர்ந்த திசு என்று போட்டு, கீழே பிரிவு 0 என்று எழுதியிருந்தது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டேன். அப்படி இல்லையாம். அடர்ந்த திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டி இருந்தால் அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதற்குத்தான் பூஜ்யமாம்.

ஸ்கேனுக்குப் படுத்தேன். ஒரு சின்னப் பெண் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்துத் தேய்த்தாள். திரை என் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. சாம்பல் நிறத்தில் என்னென்னவோ ஓடியது. பிறகு கட்டி இருந்த இடம் வந்தது. கறுப்பு. உருண்டையாக, மையை ஊற்றி வைத்தது மாதிரி.

எங்கள் மிஷினில் ஆரஞ்சு என்றால் துணி, புத்தகம், சாப்பாடு. நீலம் என்றால் உலோகம். கறுப்பு என்றால் கதிரே உள்ளே நுழையவில்லை என்று அர்த்தம். உள்ளே எதுவும் இருக்கலாம். கறுப்பு வந்தால் பெல்ட்டை நிறுத்திவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். நானும் எழுந்துவிட்டேன். ஜெல்லைக்கூடத் துடைக்கவில்லை. இன்னும் முடியவில்லை, டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு லீவு.

எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. திரும்பப் போவதாக இல்லை. உன் அண்ணனிடம் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் மேலே ஏறி நின்று ரிப்பேர் பார்ப்பார், தனக்குச் சளி பிடித்தால் மட்டும் உயில் எழுதலாமா என்று கேட்பார். ஒரு வெந்நீர் வைக்கத் தெரியாது. எனக்கு ஏதாவது ஆனால் அவரையும் பையனையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

சரி என்று ஒரு வரி எழுது போதும்.

அண்ணி


மார்ச் 11

அண்ணி,

முடியாது. நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான். மீதியையும் தயவுசெய்து படியுங்கள்.

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஆபீஸுக்கே கடிதம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள் என்று கோபம். அப்புறம் எதற்கு எழுதியிருப்பார்கள் என்று அரித்துக்கொண்டே இருந்தது. முந்தாநாள் படகு கிளம்பியதும் கேபினில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் வெளியே வந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட இருந்தவர்கள் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

என் வேலை என்ன என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. படகில் ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று அண்ணனிடம் சொன்னது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. இன்றைக்காவது கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் தரை தட்டாமல் உள்ளே வருவதற்குக் கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போடுகிறோம். படகின் அடியிலிருந்து ஒரு சத்தத்தைக் கீழே அனுப்புவோம். அது எதன் மேலாவது பட்டால் திரும்பி வரும். திரும்பி வந்த இடம் திரையில் வெளிச்சமாக இருக்கும். எதுவும் திரும்பி வராத இடம் கறுப்பாக இருக்கும். சத்தம் தடையே இல்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். நாள் பூராவும் நான் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பு என்றால் தண்ணீர்.

உங்களைப் பார்த்த ஸ்கேனும் சத்தம்தான் அண்ணி, நம் காதுக்குக் கேட்காத சத்தம். உங்கள் மிஷின் கதிரை அனுப்புகிறது, அது சத்தத்தை அனுப்புகிறது. ஒன்றின் கறுப்பும் மற்றதன் கறுப்பும் நேர் எதிர். இதை எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது. கலங்கின கடலுக்கு அடியில் எப்போதோ அறுந்து விழுந்த நங்கூரத்தை எனக்குக் காட்டிக்கொடுக்கிற அதே வித்தை, ஒரு அறையில் படுத்திருக்கிற உங்களுக்குள்ளும் இறங்கிப் பார்க்கிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுந்து ஓடிவிட்டீர்கள்.

ஆனால் நான் டாக்டர் இல்லை. சும்மா ஆறுதலுக்கு எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. முழுக்கத் தண்ணீர் என்று நாங்கள் நினைத்த இடத்தில் ஓரமாகப் பாறை நின்றதும் உண்டு. அதனால் ஒரு தரம் நீளவாக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆழத்தை எழுத மாட்டோம். குறுக்குவாட்டில் இன்னொரு தரம் ஓட்டியாக வேண்டும். உங்களை இன்னும் யாரும் குறுக்கே ஓட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் திறந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கினீர்களே, அந்தச் சட்டம் எனக்கு மட்டும்தானா? உங்களுக்கென்று வந்ததும் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா?

அண்ணனைப் பார்த்துக்கொள்வது என்னால் ஆகாது. நாங்கள் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய்த்தான் உங்கள் தலையில் கட்டினோம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் திரும்பிப் போகாவிட்டால் அவருக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. போங்கள்.

வாலு


மார்ச் 16

வாலுக்கு,

மிரட்டுகிற வேலையெல்லாம் உன் படகோடு வைத்துக்கொள். சம்பளத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சுற்றுகிறாள் என்றுதான் சொன்னேன்.

வியாழக்கிழமை போகிறேன். ஏன் ஓடினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசனையாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 21

வாலுக்கு,

அந்தப் பெண் ஒன்றுமே கேட்கவில்லை. நேற்று வந்து இன்றைக்கு வருவதுபோல் ‘வாங்க மேடம், படுங்க’ என்றாள். இந்த முறை ஜெல்லைச் சூடாக்கி வைத்திருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா கண்ணாடியைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையை நன்றாக என் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். கறுப்பு உருண்டை வந்தது. எழுந்து ஓடாமல் இருக்கக் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கறுப்பாக இருப்பது தண்ணீரா என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, ஆமாம், யார் சொன்னார்கள் என்றார். என் நாத்தனார் கடலில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னேன். இப்படிப் பெருமையாக உன்னைப் பற்றி யாரிடமும் நான் பேசியதில்லை, கேட்டுக்கொள்.

பிறகு அவர் கருவியைக் குறுக்குவாட்டில் திருப்பினார். நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. கறுப்பின் ஒரு ஓரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு மேடு. நீளவாக்கில் பார்த்தபோது அது தெரியவே இல்லை. டாக்டரம்மா ஒரு பொத்தானை அமுக்கினார். மேட்டின் அடியில் சிவப்பும் நீலமுமாக ஏதோ மினுக் மினுக்கென்றது.

‘என்னம்மா அது?’

‘உங்க ரத்தம். ஓடிட்டு இருக்கு. நம்ம பக்கம் வர்றது சிவப்பு, விலகிப் போறது நீலம்.’

வாலு, இதை எப்படிச் சொல்வேன்? என் மிஷினில் வருவது எதுவும் அசையாது. பெட்டிக்குள் எல்லாம் செத்துக் கிடக்கும். இங்கே நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூச்சை அடக்கிப் பார்த்தேன், அது நிற்கவில்லை. நான் தூங்கும்போதும், உன்னோடு சண்டை போட்டபோதும், பஸ்ஸில் சில்லறை கேட்டுக் கத்தியபோதும் யாருடைய உத்தரவும் இல்லாமல் அது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பயந்து போயிருக்க வேண்டியவள் நான். ஆனால் அந்த நேரத்தில் பயம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டுக் கருவியை அங்கேயே வைத்திருந்தார்.

பிறகு எழுந்து உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் புரியும்படி சொன்னார். வெறும் தண்ணீராக இருந்தால் பிரிவு 2, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அந்த மேடும் அதற்குள் ரத்த ஓட்டமும் இருப்பதால் பிரிவு 4. 4 என்றால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, சந்தேகம் இருக்கிறது, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அப்படி எடுத்துப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடைசியில் புற்றுநோய் இருப்பதில்லையாம். நான் அந்த முக்கால்வாசியில் இருக்கிறேனா என்று கேட்டேன்.

‘எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்.’

அந்த வார்த்தைக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். ஸ்பேனரை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து உள்ளே போனார். உள்ளே போய் அழுகிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். டீத்தூள் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறார்.

பயாப்சி 30ஆம் தேதி காலையில். உனக்குக் கடலில் வேலை இருக்கும், எனக்குத் தெரியும். சும்மா தகவலுக்குத்தான் எழுதினேன்.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணி,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் வழியெல்லாம் என் தோளில் தூங்கினார். எழுப்ப மனசு வரவில்லை.

எதிரே உட்கார்ந்து பேச வராதது எழுதினால் வருகிறது. பயாப்சிக்காக வந்து இரண்டு நாள் உங்கள் வீட்டில் இருந்தும் நாம் துணி மடிப்பதைப் பற்றித்தான் பேசினோம். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். திறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. லிஃப்ட் ஒவ்வொரு தடவை வந்து நிற்கும்போதும் கதவு லேட்டாகத் திறக்கிறது, இதற்கு ஆளில்லையா என்றார். மூன்றாவது தடவை எழுந்தே போய்விட்டார். போகட்டும், கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் உள்ளே துணைக்கு ஒருவர் வரலாம் என்றபோது நான் வந்தேன். அவர் பயந்துகொண்டு ஒதுங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான்தான் திரையைப் பார்த்தேன். நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன். உங்கள் தண்ணீர் நான் தினமும் பார்க்கிற தண்ணீரேதான் அண்ணி. ஓரத்திலிருந்து ஊசி ஒரு வெள்ளைக் கோடாக வந்தது. அதன் நுனி எங்கே இருக்கிறது என்று டாக்டரம்மா திரையைப் பார்த்தேதான் கொண்டுபோனார், உங்கள் உடம்பைப் பார்க்கவே இல்லை. மேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. டக்கென்று ஒரு சத்தம். நீங்கள் என் விரலை நெரித்தீர்கள். ஊசி அந்த மேட்டுக்குள் போய் வந்ததை நான் கண்ணால் கண்டேன். நாங்கள் படகில் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாறை இருக்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவோம். அவர் ஒரு கையில் கருவி, ஒரு கையில் ஊசி, ஓர் உயிருள்ள மனுஷிக்குள் அரிசி அளவு இடத்தைத் தப்பாமல் தொட்டார். கடைசியில் அந்த இடத்துக்கு அடையாளமாக எள்ளை விடச் சின்ன உலோகத் துணுக்கு ஒன்றை உள்ளே விட்டார். நாங்களும் பாறைக்குப் பக்கத்தில் மிதவை கட்டிவிட்டு வருவோம். கும்பிட வேண்டும் போல் இருந்தது. ஒரு கை உங்களிடம் மாட்டியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பு என்றால் தண்ணீர் என்று அவ்வளவு தைரியமாக எழுதினேன். பாதிதான் சரியாயிற்று. அந்த மேடு அங்கே இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. பொய் நம்பிக்கை கொடுத்து அனுப்பிவிட்டாள் என்று உங்களுக்கு என்மேல் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். பதிலே எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எங்கள் அம்மா போன பிறகு வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைத் திட்டுவதற்கு நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள். அண்ணனுக்கும் பையனுக்கும் இல்லை, எனக்கு நீங்கள் வேண்டும்.

ரிசல்ட் வந்த அன்றைக்கே எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் உங்கள் குரல் நடுங்கினால் என்னால் தாங்க முடியாது.

வாலு


ஏப்ரல் 10

வாலுக்கு,

புற்றுநோய் இல்லை.

இதை முதல் வரியில் எழுதாவிட்டால் நீ மீதியைப் படிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இப்போது உட்கார்ந்து படி.

அந்த மேட்டுக்குப் பெயர் பாப்பிலோமா. பால் வருகிற குழாயின் உள்சுவரில் மரு மாதிரி வளர்வதாம். புற்றணுக்கள் காணப்படவில்லை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஆனாலும் ஊசி எடுத்தது துளிதான், மீதியையும் எடுத்து முழுசாகப் பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று டாக்டரம்மா சொல்கிறார். அடுத்த மாதம் சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அப்புறமும் வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டும். எடுத்துக்கொள்கிறேன். இனிமேல் அந்தப் படங்களைப் பார்க்க என்னை யாரும் மிரட்ட வேண்டியதில்லை.

உன்மேல் எனக்கு என்ன கோபம்? நீ எழுதியதில் பாதி சரி, அந்தப் பாதி இல்லாவிட்டால் நான் திரும்பிப் போயே இருக்க மாட்டேன். ஒழுங்காகச் சாப்பிடு. நீ வந்தபோதே கன்னம் ஒட்டிப்போய் இருந்தது, சொன்னால் சண்டைக்கு வருவாய் என்று விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து உன் அண்ணன் கையில் கொடுத்தேன். படித்தார், மறுபடி படித்தார், என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பையனுக்கு அவர்தான் போன் செய்தார். உனக்கு அன்றைக்கே எழுத முடியவில்லை, இரண்டு நாள் தள்ளி இதோ எழுதுகிறேன். பார், இவ்வளவு நடந்தும் இந்த நல்ல சேதியை வாய்விட்டு நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்பது போல ஒரு பயம்.

மறுநாள் டூட்டிக்குப் போனேன். வழக்கம்போல் திரை, பெல்ட், பெட்டி. நாங்கள் ஆளைப் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லை, பார்க்க நேரம் இருக்காது. ஒரு பையில் என்னவோ தெளிவில்லாமல் இருந்தது. நிறுத்தினேன். திருப்பி வைக்கச் சொல்லி மறுபடி ஓட்டினேன். குடைக்கம்பிதான். மற்ற நாளாக இருந்தால் பொத்தானை அமுக்கித் தள்ளிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பேன். அன்றைக்கு என்னமோ தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மூச்சை அடக்கிக்கொண்டு. குடைக்கம்பிக்கு யாராவது அப்படி நிற்பார்களா? நிற்கிறார்கள் வாலு. எத்தனை ஆயிரம் பேர் அப்படி நின்றிருப்பார்கள், நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

‘ஒண்ணும் இல்லைங்க. எடுத்துக்கங்க’ என்றேன். சொல்லும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாள் பையை எடுத்தவர், போகாமல் என் பக்கம் வந்து குனிந்து கேட்டார்.

‘உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?’

‘இல்லைங்க’ என்றேன். ‘எனக்கும் ஒண்ணும் இல்லை.’

அண்ணி